ஷிசுவோகா நகரத்து டாங்கிகள்

ஜப்பான் தேசத்தின் பழைய தலைநகரமான கியோட்டோவையும் பின்னாளில் தலைமை பெற்ற டோக்கியோவையும் இணைத்த டோக்காய்டோ என்னும் ராஜபாட்டையிலே, வடகிழக்கில் பியூஜி மலையும் தெற்கில் சுருகா விரிகுடாவும் தோன்ற அமைந்திருக்கும் ஷிசுவோகா நகரம் தேயிலைக்கும் ஆரஞ்சுக்கும் பெயர்பெற்றது என்று பூகோளப் புத்தகங்கள் கூறும். ஆனால் உலகத்தின் எந்த மூலையிலாயினும் ஒரு சிறுவனோ, சிறுவனுக்குரிய ஆவலைக் கைவிடாத ஒரு பெரியவரோ, டிரான்ஸ்மிட்டர் ஒன்றைக் கையில் ஏந்திக்கொண்டு, முழங்கால் உயரம்கூட இல்லாத ஒரு டாங்கியைத் தோட்டத்து மண்மேட்டின் மீது ஏற்றி இறக்கி மகிழ்கின்றபோது, அந்த விநோதத்தின் பூர்வ சரித்திரத்தைத் தேடிச் செல்கிறவர்கள் பெரும்பாலும் இந்த ஊருக்கே வந்து சேர வேண்டியிருக்கும். புதிதாக இதில் ஈடுபட விரும்புகிறவர்கள் எந்த வண்டியை வாங்குவது, என்ன விலை கொடுப்பது என்ற கேள்விகளோடுதான் தொடங்குகிறார்கள். அக்கேள்விகளுக்கு நல்ல விடை காண்பதற்கும் இந்தச் சரித்திரத்தை அறிந்திருப்பது பெரிதும் உதவும் என்பது என் திடமான அபிப்பிராயம்.

இந்த ஊரின் கைத்திறன் மரத்தில் பிறந்தது. டோக்குகாவா வம்சத்தை ஸ்தாபித்த இயேயாசு, ஷோகன் பதவியை மகனுக்கு அளித்துவிட்டு, அந்நாளில் சும்பு என்று வழங்கிய இவ்வூருக்கு 1607-இல் வந்து, 1616-இல் காலமாகும் வரையில் இங்கேயே வாசம் செய்தார். அவருடைய பேரர் இயேமிட்சு, இவ்வூரிலுள்ள செங்கென் ஆலயத்தைப் பெரும் பொருட்செலவில் புதுப்பிக்கத் தலைப்பட்டபோது, நாட்டின் பல பிரதேசங்களிலிருந்தும் தச்சர்களும் மரச் சிற்பிகளும் அரக்குப் பூச்சு வேலையில் வல்லவர்களும் வரவழைக்கப்பட்டனர். பிற்காலத்தில் அந்த ஆலயம் தீக்கிரையாகி, 1804 தொடங்கி ஏறக்குறைய அறுபது ஆண்டுகள் மீண்டும் கட்டப்பட்டபோதும் அவ்வாறே கைவினைஞர்கள் வந்து குழுமினர். வந்தவர்களுள் பலர் திருப்பணி முடிந்த பின்னும் ஊர் திரும்பவில்லை. மலைக்காடுகளிலிருந்து ஆற்று வழியாக மரம் வந்து இறங்குவதும், அரக்குப் பூச்சுக்கு ஏற்ற ஈரமான சீதோஷ்ணம் அமைந்திருப்பதும் கண்டு இங்கேயே குடியேறி, பேழைகளும் கண்ணாடி மேசைகளும் செய்து பிழைக்கலாயினர். அவர்கள் செய்த பொருள்களுள் ஒன்று நம் கவனத்துக்கு உரியது. ஜப்பானியப் பெண் குழந்தைகளின் திருநாளில், நம் வீட்டு நவராத்திரிக் கொலுவைப் போலப் படிகள் அமைத்துப் பொம்மைகளை வைப்பது வழக்கம். அந்தப் பொம்மைகளுக்கு வேண்டிய பெட்டி, பல்லக்கு, விளக்குத் தண்டு முதலிய சின்னஞ்சிறு மரச்சாமான்களை அரக்குப் பூசிச் செய்வதில் ஷிசுவோகா தனிப் பிரசித்தி அடைந்தது. பெரிய பொருளின் வடிவத்தைப் பிரமாணம் கெடாமல் சுருக்கிக் காட்டும் வித்தை இவ்வூரில் பிளாஸ்டிக் வருவதற்கு வெகு காலத்துக்கு முன்னரே குடிகொண்டிருந்தது.

இருபதாம் நூற்றாண்டில் அந்த வித்தை விமானங்களின் பக்கம் திரும்பியது. 1924-இல் தோன்றிய அவோஷிமா ஸ்தாபனத்தார் மரத்தாலான விமான மாதிரிகளைச் செய்து விற்றனர். யுத்த காலத்தில் மாதிரி விமானம் செய்தல் ஜப்பானியப் பள்ளிக்கூடங்களில் ஒரு பாடமாகவே வைக்கப்பட்டமையால், மரம் அறுத்துத் தரும் ஊருக்கு வேலை குறைவில்லாமல் இருந்தது. பிறகு அந்த யுத்தமே ஊரைத் தேடி வந்தது. 1945 ஜூன் 20-ஆம் தேதி விடியுமுன் பி-29 விமானங்கள் வீசிய தீக்குண்டுகளால் நகரத்தின் பெரும்பகுதி சாம்பலாயிற்று. சுமார் இரண்டாயிரம் பேர் மாண்டனர். அந்தக் காலத்து விமானத் தாக்குதல்களில் தம் தொழிலை இழந்தவர்களுள் ஒருவர், லாரிகளை வைத்துச் சரக்குப் போக்குவரத்து நடத்திவந்த டமியா யோஷியோ. வயது நாற்பதில் எல்லாவற்றையும் பறிகொடுத்த அம்மனிதர், எரிந்துபோன ஊருக்கு முதலில் வேண்டுவது மரம் என்று கண்டு, 1946-இல் ஷிசுவோகாவில் ஒரு மரம் அறுக்கும் ஆலையை நிறுவினார். வீட்டுக்கு உதவாத துண்டு மரங்களைப் பயன்படுத்தும் உத்தேசத்தோடு அடுத்த ஆண்டிலேயே மாதிரிகள் செய்யும் பிரிவு ஒன்றையும் அவர் தொடங்கினார். அந்நாளைய மர மாதிரி என்பது, ஏறக்குறைய உருவம் செதுக்கப்பட்ட ஒரு மரக்கட்டையும் ஒரு வரைபடமும் அடங்கிய பெட்டியே ஆகும்; கப்பலோ மோட்டார் வண்டியோ, அதன் உண்மையான வடிவத்தைக் கத்தியும் உப்புத்தாளும் கொண்டு வெளிக்கொணர்வது வாங்கிய சிறுவனின் பொறுப்பு. 1953-இல் கட்டட மர வியாபாரத்தை முற்றிலும் கைவிட்டு, மாதிரிகளையே தம் தொழிலாக அவர் ஏற்றுக்கொண்டார்.

அதன் பிறகு வந்த சோதனை பிளாஸ்டிக். அமெரிக்காவிலிருந்தும் பிரிட்டனிலிருந்தும் இறக்குமதியான பிளாஸ்டிக் மாதிரிகளில், மரத்தில் எத்தனை சாமர்த்தியத்தோடு செதுக்கினாலும் வராத நுட்பங்கள் அச்சிலிருந்தே பிறந்து வந்தன. 1958-இல் மருசான் என்னும் டோக்கியோ ஸ்தாபனம் நாட்டிலஸ் நீர்மூழ்கிக் கப்பலைப் பிளாஸ்டிக்கில் வார்த்து வெளியிட்டபின், மரமாதிரிக் கடைகளில் கூட்டம் குறைந்தது. யோஷியோவின் மூத்த மகனும், கல்லூரிப் படிப்பை முடித்துத் தந்தையின் தொழிலில் புகுந்தவருமான டமியா ஷுன்சாக்கு, யமாட்டோ என்ற பிரசித்தமான போர்க்கப்பலை எண்ணூறில் ஒரு பங்கு அளவில் வார்க்க ஏற்பாடு செய்தார். உருக்கில் அச்சு வெட்டுவதற்கு ஆகும் செலவு அந்நாளில் ஒரு சிறு ஸ்தாபனத்தையே விழுங்கவல்லது. அப்படிச் செலவிட்டு 1960-இல் கப்பல் வெளிவந்தபோது, நிச்சிமோ என்ற மற்றொரு ஸ்தாபனம் அதே கப்பலை மலிவான விலையில் விற்கத் தொடங்கியிருந்தது. டமியாவும் விலையைக் குறைக்க வேண்டியதாயிற்று. குறைத்த விலையில் அச்சுக்கூலிகூடத் தேறவில்லை.

இந்த நஷ்டத்திலிருந்து மீள வழி தேடியபோதுதான் டாங்கி வந்தது. இரண்டாவது பிளாஸ்டிக் மாதிரியும் தோற்றால் தொழிலே இராது என்ற நிலையில், கப்பலையும் விமானத்தையும் விட்டு ஜெர்மானியரின் பாந்தர் டாங்கியை ஷுன்சாக்கு தேர்ந்துகொண்டார். சாய்ந்த சமதளத் தகடுகளால் ஆன அதன் உடல் அச்சு வெட்டுகிறவருக்கு எளியது. மேலும், ஓடக்கூடிய டாங்கி என்றால் சிறுவர்கள் விரும்புவார்கள் என்பதும் அவருடைய கணக்கு. மாபுச்சி ஸ்தாபனத்தாரின் மலிவான சிறு மின்மோட்டார்கள் அக்காலத்து ஜப்பானிய மாதிரிகளுக்கெல்லாம் உயிரூட்டத் தொடங்கியிருந்தன. ஆகையால் பாந்தரின் உடலுக்குள் ஒரு மோட்டாரும் இரண்டு பாட்டரிகளும் வசதியாக அடங்க வேண்டும் என்பதே அளவை நிர்ணயித்தது. பின்னாளில் அதே அளவில் மற்ற நாடுகளின் டாங்கிகளையும் செய்யலாம் என்று எண்ணி ஷுன்சாக்கு அளந்து பார்த்தபோது, அது உண்மை வண்டியில் ஏறக்குறைய முப்பத்தைந்தில் ஒரு பங்காக இருந்தது. பீரங்கிக் குழாயையும் சேர்த்து 8.66 மீட்டர் நீளமுள்ள பாந்தர், அந்தக் கணக்கில் 25 சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடுகிறது. இன்று இத்தாலியிலும் கொரியாவிலும் சீனத்திலும் ராணுவ மாதிரிகள் செய்யும் ஸ்தாபனங்கள் எல்லாம் அனுசரிக்கின்ற இந்த முப்பத்தைந்தில் ஒரு பங்கு என்ற பிரமாணத்துக்கு, இரண்டு பாட்டரிகளின் பருமனே மூலகாரணம். பெட்டியின் மேல் ஒட்டுவதற்கு, பத்திரிகைச் சித்திரங்களால் சிறுவர்களின் உள்ளத்தைக் கவர்ந்திருந்த கோமட்சுசாக்கி ஷிகெரு என்னும் ஓவியரிடம் கடிதம் எழுதிச் சித்திரம் கேட்டார் ஷுன்சாக்கு. அந்தப் பெரிய ஓவியர் மறுக்காமல் வரைந்து கொடுத்தார். டாங்கி தடங்கல் இல்லாமல் ஓடியது. அதைக் கோக்கும் முறையைச் சொல்லும் குறிப்புத் தாளும் ஒரு பிள்ளைக்கு விளங்கும்படி தெளிவாக இருந்தது. அந்த ஒரு பெட்டியால் டமியா ஸ்தாபனம் பிழைத்தது.

ஓடினால் போதும் என்பதில் அவர்கள் நின்றுவிடவில்லை என்பதே இந்தச் சரித்திரத்தில் நான் மிகவும் மதிக்கும் பகுதி. உண்மை வண்டியைக் கண்ணால் பாராமல் மாதிரி செய்யலாகாது என்ற விரதத்தை ஷுன்சாக்கு மேற்கொண்டார். 1966-இல் அமெரிக்காவுக்குச் சென்று, மேரிலாந்தில் அபர்டீன் என்னுமிடத்தில் ராணுவத்தார் திறந்த வெளியில் நிறுத்தி வைத்திருந்த பல நாட்டு டாங்கிகளைச் சுற்றிச் சுற்றிப் படம் பிடித்தார். இங்கிலாந்தில், 1923-இல் பார்வையிட வந்த கிப்ளிங் இவற்றையெல்லாம் பாதுகாக்க வேண்டும் என்று சொன்னதால் உருப்பெற்றதாகக் கூறப்படும் போவிங்டன் டாங்கி அருங்காட்சியகமும், மாதிரி செய்கிறவர்களுக்கு இவ்விதமே பாடசாலையாக இருந்து வருகிறது. 1943-இல் துனீசியாவில் பிரிட்டிஷார் கைப்பற்றிய டைகர் டாங்கி அங்கே இன்றும் ஓடும் நிலையில் பாதுகாக்கப்படுகிறது. சோவியத் வண்டிகளைப் பற்றிய விவரம் எங்கும் கிடைக்காத அந்தப் பனிப்போர்க் காலத்தில், டோக்கியோவிலிருந்த சோவியத் தூதரகத்துக்கே சென்று கேட்டு, அதன் பயனாகத் தம் நாட்டுப் போலீசாரின் கண்காணிப்புக்கு உள்ளானதையும் ஷுன்சாக்கு தம் நினைவுகளில் எழுதியிருக்கிறார். ஒரு திருகாணியின் இடத்தைச் சரியாக அறிவதற்காக இவ்வளவு பிரயாசையா என்று கேட்கலாம். செங்கென் ஆலயத்தின் உத்தரத்தில், கீழே நிற்பவர் கண்ணுக்கு எட்டாத உயரத்திலும் இலையின் நரம்பைச் செதுக்கிய தச்சர்கள் வாழ்ந்த ஊரில் அந்தக் கேள்வி எழாது.

தீக்குண்டுகளால் எரிந்த ஊர், யுத்தக் கருவிகளின் உருவங்களைச் செய்து விற்கலாமா என்ற மற்றொரு கேள்வி உண்டு. அது நியாயமான கேள்வி. மனிதரை நசுக்குவதற்கென்றே 1916 செப்டம்பர் 15-ஆம் தேதி சோம் நதிக்கரைப் போர்க்களத்தில் முதன்முதலாக உருண்டு வந்த ஒரு யந்திரத்தைக் குழந்தைகளின் கையில் கொடுப்பதைப் பற்றி எனக்கும் சஞ்சலம் இருந்ததுண்டு. ஆனால் ஓர் உண்மை டாங்கியின் சரித்திரத்தைப் படித்து, அதற்குள் ஐந்து பேர் எவ்வளவு குறுகிய இடத்தில், எவ்வளவு வெப்பத்தில் அமர்ந்திருந்தார்கள் என்பதை அதன் மாதிரியைத் தன் கையாலேயே கோத்து உணர்ந்த ஒருவன், யுத்தத்தை விளையாட்டாக எண்ணுவது அரிது. விவரம் அறியாமல் வாங்கும் பொம்மைத் துப்பாக்கியில் அந்த ஆபத்து இதைவிட அதிகம் என்றே நான் கருதுகிறேன்.

இனி, ரேடியோவின் கதையைச் சற்றுப் பின்னோக்கிச் சென்று பார்க்க வேண்டும். 1898-இல் நியூயார்க் நகரத்து மாடிசன் சதுக்கக் கண்காட்சியில் நிகோலா டெஸ்லா, கம்பி எதுவும் இல்லாமல் ஒரு சிறு படகை நீர்த்தொட்டியில் திருப்பிக் காட்டியபோது கண்டவர்கள் பிரமித்துப் போனார்கள். 1906-இல் ஸ்பெயினைச் சேர்ந்த டோரெஸ் கெவெதோ, பில்பாவோ துறைமுகத்தில் அரசர் முன்னிலையில் கரையிலிருந்தே ஒரு படகைச் செலுத்தினார். இவை விஞ்ஞானிகளின் செயல்கள். பொழுதுபோக்காகச் செய்தவர்களுள் முதலிடம் பெறத்தக்கவர்கள், 1937-இல் அமெரிக்காவின் கலமசூ நகரில் தாமே செய்த மாதிரி விமானத்தை ரேடியோவால் செலுத்திப் பறக்கவிட்ட வால்ட்டர் குட், வில்லியம் குட் என்னும் இரட்டைச் சகோதரர்கள். அவர்களுடைய விமானம் இன்று ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. டாங்கியைப் பொறுத்தவரையில், மாதிரிகளுக்கு முன்பே உண்மை வண்டி ரேடியோவுக்குக் கட்டுப்பட்டது என்பது பலர் அறியாத செய்தி. சோவியத் ராணுவத்தார் டி-26 டாங்கிகளுள் சிலவற்றை ஆளில்லாமல் முன்னே அனுப்பி, பின்னால் வரும் மற்றொரு டாங்கியிலிருந்து ரேடியோவினால் நடத்தும் ஏற்பாட்டைச் செய்து, 1939-40-இல் பின்லாந்தோடு நடந்த யுத்தத்தில் உபயோகித்தும் பார்த்தனர்.

மாதிரிகளுக்குள் ரேடியோ புகுவதற்குத் தடையாக இருந்தது அதன் பருமனும் பசியும். வால்வுகளால் ஆன ரிசீவருக்குக் கனத்த பாட்டரிகள் தேவை; விமானமோ படகோ ஒருவாறு அவற்றைச் சுமக்கும், டாங்கியின் குறுகிய வயிற்றில் அவற்றுக்கு இடமில்லை. அன்றியும் அந்நாளைய ஒற்றைக் கட்டளைக் கருவிகள் பொத்தானை அழுத்தினால் சுக்கானை ஒரு பக்கம் முழுதாகத் திருப்பும், விட்டால் நேராக்கும். இவற்றுக்கிடையே கொஞ்சம் திருப்புவது என்பது இல்லை. ஆகவே 1960-களில் ஷிசுவோகா டாங்கிகள் கம்பியை நம்பின. இரண்டு பட்டைகளுக்கும் தனித்தனி மோட்டார் வைத்து, அவற்றிலிருந்து நீண்ட கம்பிகளைக் கையிலுள்ள பாட்டரிப் பெட்டிக்கு இழுத்து, இரண்டு விசைகளால் நடத்தும் வகையை ஜப்பானியச் சிறுவர்கள் ரிமோகான் என்று செல்லமாக அழைத்தார்கள். டாங்கியின் பின்னாலேயே குனிந்து நடக்க வேண்டியிருந்தாலும், ஒரு பட்டையை நிறுத்தி மற்றதை ஓட்டினால் வண்டி திரும்பும் என்ற அடிப்படைச் சூத்திரத்தை ஒரு தலைமுறை இந்தக் கம்பிகளின் மூலமாகவே கற்றுக்கொண்டது. இதற்கிடையில் டிரான்சிஸ்டர் வந்து ரிசீவரைத் தீப்பெட்டியோடு ஒப்பிடத்தக்க அளவுக்குச் சுருக்கியது. விரல் எவ்வளவு அசைகிறதோ அவ்வளவே அசையும் செர்வோ யந்திரம் வந்தது. 1948-இல் வால்வு செய்யத் தோன்றிய புட்டபா ஸ்தாபனம் 1962 முதல் மாதிரிகளுக்கென்றே ரேடியோக் கருவிகளைச் செய்யலாயிற்று.

1974-இல் இரண்டு நதிகளும் கலந்தன. அவ்வாண்டில் டமியா ஸ்தாபனத்தார் மேற்கு ஜெர்மானிய ராணுவத்தின் லெப்பர்ட் ஏ4 டாங்கியைப் பதினாறில் ஒரு பங்கு அளவில் ரேடியோக் கட்டுப்பாட்டோடு வெளியிட்டனர். அந்த ஸ்தாபனம் செய்த முதல் ரேடியோ மாதிரி இதுவே. இன்று அதன் பெயரோடு உலகம் சேர்த்து நினைக்கும் பந்தயக் கார்கள் எல்லாம் இதற்குப் பின் வந்தவை. பாந்தரின் அளவை இரண்டு பாட்டரிகள் நிர்ணயித்ததைப் போலவே, லெப்பர்டின் அளவை ரிசீவரும் செர்வோக்களும் பெரிய பாட்டரிக் கட்டும் நிர்ணயித்தன என்று சொல்லலாம். அவற்றையெல்லாம் அடக்கிக்கொண்டும் ஒருவர் கையில் தூக்கிச் செல்லத்தக்கதாயும் இருக்கும் இந்தப் பதினாறில் ஒரு பங்கு அளவே ரேடியோ டாங்கிகளின் பொதுவான பிரமாணமாக இன்றளவும் நிலைத்திருக்கிறது. ஆனால் டாங்கிக்கு உடனே நல்ல காலம் பிறந்துவிடவில்லை. 1976-இல் அதே ஸ்தாபனம் பன்னிரண்டில் ஒரு பங்கு அளவில் போர்ஷே 934 காரை வெளியிட, முதல் ஆண்டிலேயே ஒரு லட்சத்துக்கு மேல் விற்றுப்போயிற்று. வேகம் வாங்குகிறவர்களைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டது. அதன் பின் சுமார் இருபது ஆண்டுகள் டாங்கி, கார்களின் புகழில் மறைந்திருந்தது.

அந்த இருபது ஆண்டுகளிலும் பயன் இல்லாமல் போகவில்லை. கார்களுக்காகச் செய்த அபிவிருத்திகள் டாங்கிக்கும் சொத்தாயின. 1.2 வோல்ட் கொண்ட ஆறு நிக்கல் காட்மியம் கலங்களைச் சேர்த்துக் கட்டிய 7.2 வோல்ட் பாட்டரி, மறுபடி மறுபடி மின்னேற்றிக்கொள்ளத்தக்கதாய்ப் பரவியது. அதன் வெள்ளை நிற இணைப்பு முனை இன்றும் உலகமெங்கும் டமியா பிளக் என்றே வழங்குகிறது. 27 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒரே இடத்தில் பலர் ஓட்டினால் ஒருவர் கட்டளைக்கு மற்றவர் வண்டி ஓடிவிடும் என்பதற்காக, வெவ்வேறு கிரிஸ்டல்களைச் செருகி, பழுப்பு, சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், பச்சை, நீலம் என்ற வர்ணங்களில் சிறு கொடியை ஏரியல் நுனியில் கட்டிக்கொள்ளும் சம்பிரதாயம் ஏற்பட்டிருந்தது. 2.4 கிகாஹெர்ட்ஸ் கருவிகள் வந்து தமக்கு வேண்டிய அலையைத் தாமே தேர்ந்துகொள்ளத் தொடங்கியபின் அந்தக் கொடிகள் மறைந்துபோயின.

1990-களின் பிற்பகுதியில் டமியா ஸ்தாபனத்தார் டைகர், ஷெர்மன் முதலிய டாங்கிகளை மீண்டும் பதினாறில் ஒரு பங்கில், எல்லா அம்சங்களோடும் வெளியிட்டது இந்தக் கலையின் இரண்டாவது பிறப்பு. இம்முறை அவர்கள் நாடியது டாங்கியின் நடை. உண்மை வண்டியின் என்ஜின் ஓசையைப் பதிவு செய்து, வேகத்துக்கேற்ப அது ஏறி இறங்குமாறு செய்தார்கள்; சுழற்கூண்டு திரும்பவும் பீரங்கி உயர்ந்து தாழவும் தனி மோட்டார்கள் அமைத்தார்கள்; சுடும்போது குழாயின் வாயில் ஒளி மின்னுவதோடு, வண்டி முழுவதும் ஒரு கணம் பின்னுக்கு உதைத்துக்கொள்ளும்படி மின்சாதனத்துக்குள்ளேயே கணக்கிட்டு வைத்தார்கள். விசையைத் திடீரென்று தள்ளினாலும் வண்டி உடனே பாயாமல், பெருத்த உடலை அசைத்துக்கொண்டு மெல்லக் கிளம்பும்.

இதன் அருமை விளங்க ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். உண்மையான டைகர், பீரங்கியோடு 8.45 மீட்டர் நீளமும் 57 டன் எடையும் உள்ளது. பதினாறில் ஒரு பங்காக்கினால் நீளம் 53 சென்டிமீட்டர் ஆகிறது. ஆனால் எடை, நீளம், அகலம், உயரம் மூன்றிலும் சுருங்குவதால், பதினாறைப் பதினாறால் இருமுறை பெருக்கி வரும் 4096 என்ற எண்ணால் வகுபட்டு ஏறக்குறைய 14 கிலோவாக வேண்டும். பிளாஸ்டிக் மாதிரி இதில் மூன்றில் ஒரு பங்குகூட இருப்பது அரிது. ஆகையால் கல்லின் மேல் ஏறும்போது அது துள்ளும். உண்மை டாங்கி துள்ளாது, கல்லை அமுக்கிக்கொண்டு போகும். அநுபவமுள்ளவர்கள் உலோகச் சங்கிலிப் பட்டைகளையும் உலோகச் சக்கரங்களையும் தேடிப் பொருத்துவது வெறும் ஆடம்பரத்துக்காக அல்ல. அந்தக் கனத்தைத் திரும்பப் பெறுவதற்கே. வேகமும் அவ்வாறே. மணிக்கு 40 கிலோமீட்டர் ஓடிய வண்டியின் மாதிரி, பிரமாணப்படி மணிக்கு இரண்டரை கிலோமீட்டர்தான் போக வேண்டும். அருகில் நடந்து செல்லும் மனிதரைவிட மெதுவாக அது ஊர்ந்து, ஒரு மரவேரின் மீது முகத்தைத் தூக்கி, சற்றே நின்று, மறுபுறம் தலை கவிழ்ந்து இறங்கும்போது, சக்கரங்கள் ஒவ்வொன்றாகத் தம் தம் விற்களில் ஏறி இறங்குவதைக் காண்பதே இக்கலையின் உயர்ந்த இன்பம். பாய்ந்தோடும் காரில் இதைக் காண இடமில்லை.

இதே காலத்தில், ஒருவர் டாங்கியிலிருந்து மற்றவர் டாங்கிக்குக் கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்புக் கதிரைச் செலுத்திப் போரிடும் முறையும் வந்தது. சுழற்கூண்டின் மேல் பொருத்தும் உருண்டையான ஏற்பியை, அதன் வடிவத்தினால், ஆர்வலர்கள் ஆப்பிள் என்று அழைக்கின்றனர். கனத்த டாங்கி பல அடிகளைத் தாங்கும், இலேசான டாங்கி சிலவற்றோடு ஓய்ந்துவிடும். ஆனால் இலேசானது மறுபடி சுடுவதற்கு விரைவில் ஆயத்தமாகும். யாருக்கும் காயம் இல்லாமல் நிதானத்தையும் யூகத்தையும் பழக்கும் இவ்விளையாட்டுக்காக அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் சங்கங்கள் தோன்றின.

விலை மட்டும் சாமானியருக்கு எட்டாததாக இருந்தது. அந்தக் குறையை 2000-களில் ஹெங் லாங் முதலிய சீன ஸ்தாபனங்கள் தீர்த்தன. கோத்து முடித்த நிலையிலேயே, பெட்டியைத் திறந்ததும் ஓடும்படியாக, ஜப்பானிய வண்டியின் விலையில் ஒரு சிறு பகுதிக்கே அவை டாங்கிகளை விற்றன. இவற்றைச் சிலர் இகழ்வதுண்டு, நான் இகழமாட்டேன். ஆரம்பத்தில் அவற்றின் பல்சக்கரங்கள் மிருதுவான உலோகத்தால் ஆனவை, விரைவில் தேயும் என்பது மெய்யே; ஆனால் அவற்றை மாற்றிக்கொள்ள உருக்குச் சக்கரங்களும், பட்டைகளும், மின்தகடுகளும் தனித்தனியே கிடைக்கலாயின. மாணவரும் சிறு சம்பளக்காரரும் இந்த வாயிலின் வழியாகவே உள்ளே வந்தார்கள். சிறு பிளாஸ்டிக் குண்டுகளை உண்மையாகவே சுடும் சாதனத்தை அவ்வண்டிகளில் வைத்தது மாத்திரம் எனக்கு உடன்பாடில்லை. அத்தகைய வண்டி வீட்டில் இருந்தால் கண்களுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி அணிவதையும், சிறு குழந்தைகளை விலக்கி வைப்பதையும் நியமமாகக் கொள்ள வேண்டும்.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு இந்தச் சரித்திரத்திலிருந்தே வேண்டிய புத்திமதிகள் கிடைக்கின்றன. பதினாறில் ஒரு பங்கு அளவையே தேர்ந்துகொள்ளுங்கள்; அரை நூற்றாண்டாக அதற்கே பாகங்களும் அநுபவமும் சேர்ந்திருக்கின்றன. இரண்டு பட்டைகளுக்கும் தனித்தனி மோட்டார் உள்ளதாகவும், 2.4 கிகாஹெர்ட்ஸ் கருவி உள்ளதாகவும் இருக்கட்டும். குறைந்த சக்தியில் இயங்கும் அத்தகைய கருவியை உபயோகிக்க இந்தியாவில் தனி லைசென்ஸ் வேண்டியதில்லை. முதல் வண்டிக்கு நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பாட்டரியே போதும். எந்தப் பாட்டரியானாலும் மின்னேறும்போது அதைத் தனியே விட்டுப் போகாதீர்கள். வழுவழுப்பான தரையைவிட இறுகிய மண்ணில் ஓட்டினால் வண்டி திரும்பும் அழகு தெரியும். ஓட்டி முடித்தபின் அச்சுகளில் சுற்றிக்கொண்ட நூலையும் புல்லையும் எடுத்துவிட்டு, பட்டை அளவுக்கு மேல் இறுகியிருக்கிறதா, கழன்று விழும்படி தளர்ந்திருக்கிறதா என்று பார்த்து, கடைசிச் சக்கரத்தை முன்பின் நகர்த்திச் சரிசெய்யும் பழக்கம் வேண்டும். கூடுமானால், ரேடியோ டாங்கி வாங்குமுன் அதே வண்டியின் முப்பத்தைந்தில் ஒரு பங்கு பிளாஸ்டிக் மாதிரி ஒன்றைக் கையால் கோத்துப் பாருங்கள். எந்தத் தகடு எதற்காக இருக்கிறது என்பது அதில்தான் விளங்கும்.

ஷுன்சாக்கு 2025 ஜூலையில், தமது 90-ஆம் வயதில் காலமானார். ஷிசுவோகாவில் 1959 முதல் நடந்துவரும் மாதிரிக் கண்காட்சி இப்போதும் ஆண்டுதோறும் மே மாதத்தில் கூடுகிறது. அங்கே பல தேசத்து ஆர்வலர்களும் தாம் செய்த வண்டிகளை மேசைகளில் பரப்பி வைத்து, கேட்கிறவர்களுக்குச் செய்முறையை மறைக்காமல் சொல்லிக் கொடுக்கிறார்கள். அவ்வளவு தூரம் போக இயலாதவர்கள், தம் ஊரில் இதில் ஈடுபட்டிருப்பவர் ஒருவரையாவது தேடிக் கண்டு, அவருடைய வண்டியின் மேல்மூடியைக் கழற்றிக் காட்டச் சொல்லிப் பார்த்த பிறகே தமக்கென்று ஒன்றை வாங்க வேண்டும். மேல்மூடியைக் கழற்ற முடியாததும், உதிரிப் பாகம் கிடைக்காததுமான வண்டியை, அது எவ்வளவு மலிவாயினும், வாங்காதீர்கள்.